மக்குக் கேமரா

நம்புசெல்வி ஏழாவது தடவையாகத் தாலிப்பூச்சியைப் படம்பிடித்துக்கொண்டு தண்ணீருக்கு மேலே வந்தாள். ஏழாவது தடவையும் கேமராவின் திரையில் வெண்புள்ளி நத்தைதான் ஊர்ந்துகொண்டிருந்தது.

"இந்தா பாருக்கா, மறுபடியும் வெளுத்துப்போச்சு" என்று வல்லத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே கேமராவை நீட்டினாள்.

பாக்கியம் வாங்கிப் பார்த்தாள். கொம்பன்பாட்டுப் பாறையில் கடல்பாசி எடுக்கும் பெண்களின் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. கோபம் வந்தால் முதலில் திட்டிவிடுவாள், யாரை என்பதை அப்புறம் முடிவு செய்வாள். "எடுபட்ட கேமரா! இதுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? மஞ்ச எங்கிட்டு, வெள்ளை எங்கிட்டு!"

கேமராவுக்குக் கண் நன்றாகத்தான் தெரிந்தது. தன் கண்ணை அது நம்பவில்லை என்பதுதான் சங்கதி. கலங்கிய தண்ணீரில், அரைகுறை வெளிச்சத்தில், மலிவான வில்லை பாதியைத்தான் பார்க்கும். மீதிப் பாதியை உள்ளே இருக்கும் நிரப்பி என்ற பொறி பார்த்துக்கொள்ளும். உலகத்தில் இதுவரை எடுத்த படங்களையெல்லாம் சேர்த்து வைத்திருக்கும் பார்வைக் களஞ்சியத்தோடு அதற்கு ஓயாத பேச்சுவார்த்தை உண்டு. மங்கலாக ஏதாவது தெரிந்தால், 'இது இன்னதாகத்தான் இருக்கும்' என்று களஞ்சியத்தைக் கேட்டுக்கொண்டு பளிச்சென்று வரைந்து கொடுத்துவிடும். கல்யாண வீட்டில் கண்ணை மூடிவிட்ட மாப்பிள்ளைக்குக் கண்ணைத் திறந்துவிடுவதும் அதே நிரப்பிதான். அது வந்த பிறகு மோசமான படம் என்று ஒன்று உலகத்தில் இல்லாமலே போய்விட்டது. யாருக்கும் குறையில்லை, தாலிப்பூச்சியைத் தவிர.

தாலிப்பூச்சி ஓடில்லாத ஒரு நத்தை. சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். மஞ்சள் உடம்பு, முதுகில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிவப்புப் பொட்டு. அந்தப் பேரைப் பாசி எடுக்கும் பெண்கள் வைத்தார்கள். கொம்பன்பாட்டுப் பாறையின் அடி இடுக்கைத் தவிர வேறெங்கும் அவர்கள் அதைக் கண்டதில்லை. களஞ்சியத்துக்கோ அப்படி ஒரு ஜீவன் இருப்பதே தெரியாது. ஆகவே அது தனக்குத் தெரிந்த நத்தையைப் போட்டு இடத்தை நிரப்பிவிட்டது.

சாதாரண நாளாயிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். இப்போதோ நீலமுனைத் துறைமுக நிறுவனம் கப்பல் விடுவதற்காகக் கொம்பன்பாட்டைத் தோண்டப் போகிறது. அடுத்த மாதம் ராமநாதபுரத்தில், கடல் தீர்ப்பாயத்தில் விசாரணை. வேறெங்கும் இல்லாத உயிர் வாழும் இடத்தைத் தோண்டக் கூடாது என்று கண்சான்றுச் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்தச் சட்டத்துக்கு வாய்ச்சொல் செல்லாது. ஒரு நிமிடம், வெட்டாமல் ஒட்டாமல், உயிரின் உடம்பு முழுக்கத் தெரிகிற அண்மைப் படம் வேண்டும். அது இல்லையென்றால் பாறை போகும், பாறையோடு பாசி போகும், பாசியை நம்பிய அறுபத்திரண்டு பெண்களின் பிழைப்பும் போகும்.

"இந்தச் சனியன வச்சு ஆகாது. வேற கேமரா பாரு" என்றாள் பாக்கியம்.

மறுநாளே நம்புசெல்வி பஸ் ஏறினாள். ராமநாதபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் செய்யது நெய்னாவின் கடை இருந்தது. பழைய கேமரா, பழைய விளக்கு, பழைய கடிகாரம் என்று ஊர் கழித்துப் போட்டதையெல்லாம் அவர் பழுது பார்த்து அடுக்கி வைத்திருந்தார்.

"பாய், தண்ணிக்குள்ள எடுக்கணும், கிட்டத்துல எடுக்கணும், நிரப்பி இருக்கக் கூடாது" என்று தாலிப்பூச்சியின் கதையைச் சொன்னாள்.

நெய்னா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "மக்குக் கேமராவா? அதை இப்ப யாரு தங்கச்சி கேக்குறா? கலங்குனா கலங்குனபடியே காட்டும். மானத்த வாங்கிரும்."

"வாங்கட்டும் பாய். உள்ளத உள்ளபடி காட்டுனாப் போதும். சங்கத்துல பிரிச்ச காசு முப்பதாயிரம் இருக்கு. அதுக்குள்ள முடிச்சுக் குடுங்க."

நெய்னா கண்ணாடி அலமாரியில் இருந்த ஒரு பெரிய பெட்டியைக் கைகாட்டினார். "ஆராய்ச்சிக்காரங்க சாமான். ஒங்களுக்கு ஏத்தது அதுதான், ஆனா வெலை ரெண்டு லட்சம். அதை மறந்துருங்க." அப்புறம் தலையில் மாட்டுகிற, தீப்பெட்டி அளவுள்ள ஒரு கேமராவை எடுத்து வைத்தார். "இதுல நிரப்பிய அணைச்சுக்கலாம், வெலையும் கம்மி. ஆனா ஒரு முழத்துக்கு அங்கிட்டு இருக்கிறதுதான் தெளிவாத் தெரியும். கிட்டப் போனா ஒரே மங்கல். ஒங்க பூச்சி எம்புட்டுப் பெருசு?"

நம்புசெல்வி சுண்டுவிரல் நகத்தைக் காட்டினாள்.

"ஒரு முழத்துல அது கடுகு" என்று கேமராவைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டார்.

மூன்றாவதாக, பரணில் ஏறித் தேடி, தூசி தட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். முப்பது வருஷத்துக்கு முந்தைய சாதாரணக் கைக்கேமரா. அது புகுந்துகொள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டி, வெயிலில் கிடந்து மஞ்சள் பூத்திருந்தது. பெட்டியின் மூக்கில் திருகி மாட்டிக்கொள்ளத் தடித்த வில்லை ஒன்றும் தனியாக இருந்தது. "இந்த வில்லைய மாட்டிட்டா நாலு விரக்கடையில இருக்கிறது பளிச்சுனு தெரியும். மூணுக்கும் தெரியாது, அஞ்சுக்கும் தெரியாது. நாலுதான். அதுக்கு அறிவு அம்புட்டுத்தான்."

கேமராவும் பெட்டியும் சேர்ந்து பாதிப் பணத்தைத் தின்றன. மிச்சத்தில் மூன்று சாமான் வாங்க வேண்டும் என்றார் நெய்னா. வில்லை, விளக்கு, கேமரா ஆடாமல் நிற்க ஒரு சட்டகம். மூன்றையும் வாங்கப் பணம் போதாது.

"வெளக்கு வேணாம் பாய். பகல்லதான எடுக்கப் போறேன்."

நெய்னா சிரித்தார். "தண்ணி மொதல்ல திங்கிறது செவப்பைத்தான் தங்கச்சி. ரெண்டாள் ஆழம் போனா ஒங்க செவப்புப் பொட்டு கறுப்புப் பொட்டாயிரும். நிரப்பி இருந்தா சாயம் பூசிக் குடுக்கும். இது மக்கு, இதுக்குப் பூசத் தெரியாது. வெளக்கு அடிச்சுத்தான் ஆகணும்."

நம்புசெல்வி யோசித்தாள். வில்லை இல்லாவிட்டால் பூச்சியே இல்லை. விளக்கு இல்லாவிட்டால் பொட்டு இல்லை. சட்டகம் இல்லாவிட்டால் கை ஆடும், கை ஆடினால் நாலு விரற்கடை மூன்றாகும், ஐந்தாகும். போதாக்குறைக்கு அவள் மூச்சு நாற்பது நொடிக்குமேல் தாங்காது. சட்டம் கேட்பதோ ஒரு நிமிடம். சுற்றிச் சுற்றி வந்து கடைசியில், "சட்டகத்த விட்டுர்றேன். அதுக்கு வேற வழி பாத்துக்கிறேன்" என்றாள்.

காசை வாங்கியவுடனே கேமராவைக் கொடுத்துவிடுகிற ஆளில்லை நெய்னா. வெறும் பெட்டிக்குள் மெல்லிய காகிதத்தை மடித்து வைத்து மூடி, வாளித் தண்ணீரில் அமுக்கி, மேலே செங்கல்லை வைத்தார். இரண்டு பேரும் டீ குடித்து முடித்ததும் எடுத்துப் பார்த்தார்கள். காகிதத்தின் ஒரு மூலை நனைந்திருந்தது. மூடியைச் சுற்றி ஓடும் ரப்பர் வளையத்தில் ஒற்றைத் தலைமுடி ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா? ஒரு முடி போதும், கேமரா மவுத்து" என்று அதை எடுத்துப் போட்டு, வளையத்துக்கு மசகு தடவி மறுபடியும் அமுக்கினார். இந்தத் தடவை காகிதம் காய்ந்தே இருந்தது. அவள் கிளம்பும்போது வாசல்வரை வந்து, "வெளக்க நேரா அடிச்சிராதீங்க. தண்ணியில மெதக்கிற தூசியெல்லாம் வெளுத்துத் தெரியும். பக்கவாட்டுல அடிங்க" என்றும் சொல்லி அனுப்பினார். நல்ல மனுஷன், அவர் கடையில் கூட்டமே இல்லாதது அநியாயம்.

சட்டகத்துக்கு நம்புசெல்வி கண்டுபிடித்த வழி அவள் அடுப்பங்கரையிலேயே இருந்தது. கனமான இரும்புத் தோசைக்கல்லின் நடுவில் பெட்டியை வைத்து, தூண்டில் நரம்பால் இறுக்கிக் கட்டினாள். கடலடியில் வைத்தால் அசையாது. வைத்துவிட்டு மேலே போய் மூச்சு வாங்கிக்கொண்டு வரலாம். அன்றிரவு தோசை எங்கே என்று கேட்ட புருஷன் பூமிநாதனுக்கு, "கல்லு கடலுக்குப் போகுது" என்று பதில் கிடைத்தது. அவனும் மறுபேச்சில்லாமல் பழைய சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தான்.

முதல் நாள் எடுத்த படம் முழுக்க மங்கல். தண்ணீருக்குள் நாலு விரற்கடையைக் கண்ணால் அளக்க முடியவில்லை. மறுநாள் ஓர் ஈர்க்கை நாலு விரல் நீளத்துக்கு ஒடித்து, வில்லையின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும்படி கட்டினாள். ஈர்க்கின் நுனி பாறையைத் தொட்டால் தூரம் சரி. ஆனால் அன்றைக்குக் காற்று மாறிக் கடல் சேறாய்க் கலங்கிவிட்டது. நிரப்பிக் கேமராவாக இருந்தால் அந்தச் சேற்றிலும் பவளத் தோட்டம் காட்டியிருக்கும். இது சேற்றைச் சேறாகவே காட்டியது.

மூன்றாம் நாள் தெளிந்தது. பாறை இடுக்கின் வாயில் ஒரு தாலிப்பூச்சி மேய்ந்துகொண்டிருந்தது. நம்புசெல்வி தோசைக்கல்லை மெல்ல இறக்கினாள். ஈர்க்கு நுனியைப் பூச்சிக்குப் பக்கத்துக் கல்லில் தொட வைத்தாள். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து, பொத்தானை அமுக்கிவிட்டு மேலே ஏறினாள். பாக்கியம் நூறுவரை எண்ணினாள். எண்ணும்போது இடையில் இரண்டு தடவை நம்பு நாயகியம்மனையும் ஒரு தடவை மாதாவையும் கூப்பிட்டாள்.

வல்லத்தில் உட்கார்ந்து படத்தை ஓட்டிப் பார்த்தார்கள். ஓரமெல்லாம் இருட்டு, நடுவிலும் புள்ளி புள்ளியாய்த் தூசி. அந்தத் தூசிக்கு நடுவே மஞ்சள் பூச்சி, முதுகில் இரண்டு சிவப்புப் பொட்டோடு, தன்பாட்டுக்கு ஊர்ந்தது. வால் பக்கம் இடது ஓரத்தில் ஏதோ மீன் கடித்த பிறைத் தழும்புகூடத் தெரிந்தது. நம்புசெல்விக்கு அழுகை வந்துவிட்டது. கல்யாணப் படத்தில்கூட இவ்வளவு அழகை அவள் பார்த்ததில்லை.

தீர்ப்பாயத்தில் முதல் விசாரணை சுலபமாய் முடிந்தது. படத்தில் வெட்டும் ஒட்டும் இல்லையென்று சோதனைப் பொறி சொன்னது. இது இதுவரை பதிவாகாத உயிர் என்று வல்லுநர் ஒருவர் கையெழுத்துப் போட்டார். நீதிபதி மங்கையர்க்கரசி, அடுத்த மாதம் இறுதி விசாரணை வரைக்கும் தோண்டக் கூடாது என்று உத்தரவிட்டார். ஏற்றுக்கொண்ட கண்சான்றை அன்றைக்கே பார்வைக் களஞ்சியத்தில் சேர்த்துவிட வேண்டும் என்பது விதி. நல்லெண்ணத்தில் எழுதிய விதிதான். அதன்படி சேர்த்தார்கள். அன்றிரவு பெண்கள் கரையில் பட்டாசு வெடித்துக் கொண்டாடினார்கள்.

இறுதி விசாரணையன்று நிறுவனத்தின் வழக்கறிஞர் ஆதவன் சிரித்த முகமாக எழுந்தார்.

"அம்மா, இந்தப் பூச்சி கொம்பன்பாட்டில் மட்டும்தான் இருக்கிறது என்று எதிர்த்தரப்பு சொல்கிறது. இதோ, வேறு நாற்பத்தொரு இடங்களில் எடுத்த நாற்பத்தொரு கண்சான்றுகள். எல்லாம் இந்த ஒரே மாதத்தில் எடுத்தவை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எடுத்தது இருக்கிறது, சுற்றுலாப் பயணிகள் எடுத்தது இருக்கிறது. ஒன்று எங்கள் துறைமுகத் தூணிலேயே எடுத்தது."

பெரிய திரையில் நாற்பத்தொரு மஞ்சள் பூச்சிகள் வரிசையாக ஊர்ந்தன. சோதனைப் பொறி எதிலும் வெட்டு ஒட்டு இல்லையென்றது. யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் ஊர்க் கடலில் ஏதோ ஒரு நத்தையைப் பார்த்து அவரவர் கேமராவை நீட்டியிருந்தார்கள். களஞ்சியத்தில் புதிதாக வந்ததற்கு எப்போதுமே கொஞ்சம் மரியாதை கூடுதல். அதனால் அரைகுறையாய்த் தெரிந்த நத்தைக்கெல்லாம் நிரப்பி இப்போது மஞ்சள் உடம்பும் சிவப்புப் பொட்டும் கொடுத்துக்கொண்டிருந்தது.

"போச்சுடி. நம்ம பூச்சியே நம்மளக் கவுத்துருச்சு" என்று பாக்கியம் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

நம்புசெல்வி திரையையே உற்றுப் பார்த்தாள். எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். காவலர் தடுக்க வந்தார், நீதிபதி விடச் சொன்னார்.

"அம்மா, இந்த மூணாவது படத்த நிறுத்தச் சொல்லுங்க. வால் பக்கம், எடது ஓரம். இங்க பாருங்க, பெறை மாதிரி ஒரு கடி. இப்ப ஒம்பதாவது. அதே கடி. கடைசிப் படத்தையும் பாருங்க." அவள் திரையில் விரலை வைத்துக் காட்டினாள். "எங்க பூச்சிய ஏதோ மீனு கடிச்சிருக்கு, அது நாங்க எடுத்ததுல இருக்கு. நாப்பத்தொரு கடல்லயும் மீனு அதே எடத்துல, அதே அளவுக்கா கடிக்கும்? இதெல்லாம் எங்க பூச்சிதாம்மா. ஒரே பூச்சி."

ஆதவனின் சிரிப்பு நின்றது. அவர் ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிப் பார்த்தார். நாற்பத்தொன்றிலும் பிறை இருந்தது. "இது எங்களுக்குத் தெரியாது அம்மா" என்றார். உண்மையாகவே தெரியாது.

வேறு நீதிபதியாயிருந்தால் அந்த இடத்தில் தீர்ப்பைச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார். மங்கையர்க்கரசி பாதியில் விடுகிறவர் இல்லை. பன்னிரண்டு ஆண்டாக ஏற்றுக்கொண்ட கண்சான்றுகளில் மற்ற உயிர்களையும் இதேபோல ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். கடல்குதிரையில் ஆரம்பித்தார்கள். அதுதான் மன்னார் வளைகுடாவின் பெருமை. எண்ணிக்கை வருஷத்துக்கு வருஷம் ஏறுகிறதென்று அரசாங்கம் விழாவே எடுத்துக்கொண்டிருந்தது.

அரை மணி நேரத்தில் எழுத்தர் வந்து தாளை நீட்டினார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு படங்கள். அத்தனையிலும் கடல்குதிரையின் கொண்டையில் மூன்றாவது முள் ஒடிந்திருந்தது. பன்னிரண்டு ஆண்டாகப் பெருகிய கூட்டம் ஒற்றைக் கடல்குதிரை. அதை எந்தக் கடலில் யார் எடுத்தார்கள் என்பதற்குக்கூடக் குறிப்பில்லை.

நீதிபதி பட்டியலைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். "இதுல உங்க சங்கம் குடுத்த படமும் ஒண்ணு இருக்கும்மா. ஆறு வருஷம் முன்னாடி."

இருந்தது. பாசி எடுப்பதால் கடல்குதிரைக்குக் கெடுதல் இல்லையென்று காட்டத்தான் அதை எடுத்தார்கள். மாதத்தில் பன்னிரண்டு நாள் பாசி எடுப்பது, மற்ற நாளெல்லாம் கடலைச் சும்மா விடுவது என்று பெண்கள் தாங்களே வைத்துக்கொண்ட கட்டுப்பாட்டுக்குச் சட்ட அனுமதி கிடைத்ததே அந்தப் படத்தால்தான். எடுத்தது நம்புசெல்வி.

"அந்தக் கடல்குதிரைய நீங்க உங்க கண்ணால பாத்தீங்களா?" என்று கேட்டார் நீதிபதி.

பக்கத்தில் வந்து நின்ற பாக்கியம் நம்புசெல்வியின் முழங்கையைக் கிள்ளினாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் சரிபார்க்கப் போவதில்லை. நம்புசெல்விக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. கலங்கல் தண்ணீர். புல்லுக்குள் ஏதோ ஆடியது. கேமராவை நீட்டினாள், திரையில் கடல்குதிரை வந்தது. சந்தோஷத்தில் தண்ணீருக்குள்ளேயே கத்தி உப்புத் தண்ணீரைக் குடித்தாள். திரைக்கு அந்தப் பக்கம், புல்லில், என்ன இருந்தது என்று குனிந்து பார்க்கத் தோன்றவே இல்லை.

"தெரையில பாத்தேம்மா" என்றாள். சொன்னதும் கண்ணில் தண்ணீர் முட்டியது. "கண்ணால பாக்கல."

பாக்கியத்தின் கை அவள் முழங்கையை விட்டது. நீதிபதி மிச்சத் தாள்களையும் புரட்டினார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறிலும் பாதிக்கு மேல் அவர் கையெழுத்துத்தான்.

பிறகு உத்தரவு சொன்னார். கொம்பன்பாட்டைத் தோண்டக் கூடாது. பெண்களின் அனுமதி ஆறு மாதத்துக்கு நீடிக்கும், அதற்குள் கடல்குதிரை இருப்பதை நிரப்பியில்லாத கேமராவால் காட்ட வேண்டும். இன்றுமுதல் நிரப்பி தொட்ட எந்தப் படமும் சான்றாகாது, பழையவையும் சேர்த்து.

தீர்ப்பாயத்தின் சுவரில் வளைகுடாவின் வரைபடம் ஒன்று இருந்தது. கண்சான்று கிடைத்த இடத்திலெல்லாம் ஒரு நீல விளக்கு எரியும். கரை நெடுக, தீவு தீவாக, கார்த்திகைக்கு ஏற்றியதுபோல அது எப்போதும் நிறைந்திருக்கும். எழுத்தர் பட்டியலைப் பார்த்துப் பார்த்து விளக்குகளை அணைத்துக்கொண்டு வந்தார். கடல்குதிரை போயிற்று. ஆமை போயிற்று. பவளம் போயிற்று. எல்லாம் முடிந்தபோது அத்தனை பெரிய கடலில் கொம்பன்பாட்டுப் பாறைமேல் மட்டும் ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

மூன்று வருஷமாகக் கடல்குதிரை விழாவில் தலைமையுரை வாசித்த கணக்கெடுப்பு அதிகாரி வரைபடத்தின் முன்னால் போய் நின்றார். "அப்படின்னா இந்தக் கடல்ல இப்ப என்னதான் இருக்கு?" என்று பொதுவாகக் கேட்டார்.



"போய்ப் பாத்தாத்தான் தெரியும் சார்" என்றாள் நம்புசெல்வி.